சாவி யார் கையில்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டுக்குப் பின்னாலிருந்து 'பீப்... பீப்...' என்று ரிவர்ஸ் சத்தம் கேட்கும். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பின்னால் கனமான முதுகோடு, லாரிக்கும் கோடவுனுக்கும் நடுவே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி வண்டி. அதுதான் ஃபோர்க்லிஃப்ட்.

சென்னையின் மேற்குப் பக்கம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக பாரம் தூக்கியே வளர்ந்த பகுதி. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை முதலிலேயே வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவாகி, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. இன்று பூந்தமல்லியைத் தாண்டி நசரத்பேட்டை, திருமழிசை என்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி பெரிய பெரிய கோடவுன்கள். இரவு போனில் ஆர்டர் போடும் மிக்ஸியும் குக்கரும் வீடு வந்து சேர்வதற்குள், எங்கோ ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கையில் ஏறி இறங்கித்தான் வருகின்றன.

இந்தக் கோடவுன்களுக்கு வேலைக்கு வருகிறவர்களில் பலர் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். முதலில் ஹெல்பர். பெட்டி தூக்குவது, பேலட் அடுக்குவது, ஸ்டிக்கர் ஒட்டுவது. சில மாதம் கழித்து ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கத்துக்கிட்டேன்" என்று ஒருவன் சொன்னால், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஹெல்பரைவிட ஆபரேட்டருக்குச் சம்பளம் அதிகம், மரியாதையும் அதிகம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: "யார்ப்பா கத்துக் கொடுத்தாங்க?"

காரைப் போலத் தெரியும், கார் அல்ல

ஸ்டீரிங் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது. பைக்கும் ஆட்டோவும் ஓட்டத் தெரிந்தவருக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். ஆபத்து தொடங்கும் இடமே இதுதான்.

இரண்டரை டன் தூக்கும் ஒரு ஃபோர்க்லிஃப்டின் சொந்த எடை ஏறக்குறைய 4 டன். அதாவது மூன்று நான்கு சின்ன கார்களின் எடை, ஒரு காரைவிடச் சிறிய இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. முன்னால் தூக்கும் பாரம் வண்டியைக் குப்புறக் கவிழ்க்காமல் இருக்க, பின்பக்கம் இரும்பு எடையை வைத்திருக்கிறார்கள். காய்கறிக் கடைத் தராசு மாதிரிதான். ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் வண்டியின் முதுகு, நடுவே முன்சக்கரம்.

திரும்புவது முன்சக்கரம் அல்ல, பின்சக்கரம். அதனால் மூக்கு இடப்பக்கம் திரும்பும்போது வால் வலப்பக்கம் வீசும். காரில் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடாது. டிரைவர் முன்னால் இருக்கும் பேலட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவரின் காலை வண்டியின் வால் தட்டிவிடும்.

முதல் காரணம்: கவிழ்வது

அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியாஷ், 1980 முதல் 1994 வரையிலான ஃபோர்க்லிஃப்ட் மரணங்களைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 1,021 பேர். அதில் 22 சதவீதம் பேர் வண்டி கவிழ்ந்ததால் இறந்தவர்கள். 20 சதவீதம் பேர் நடந்து போகும்போது வண்டி மோதி இறந்தவர்கள். 16 சதவீதம் பேர் வண்டியால் நசுக்கப்பட்டவர்கள். 9 சதவீதம் பேர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள். நாடு வேறு என்றாலும் வண்டி ஒன்றுதான், அதன் எடையும் ஒன்றுதான். இந்த வரிசை அம்பத்தூருக்கும் பாடம்தான்.

ஃபோர்க்லிஃப்டுக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல். முன்சக்கரங்கள் இரண்டு புள்ளி. பின் அச்சு நடுவில் மாட்டப்பட்டிருக்கும் இடம் மூன்றாவது புள்ளி. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடையின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். வெளியே போனால் கவிழும்.

மையத்தை வெளியே தள்ளுவது எது? பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டே ஓட்டுவது. வேகமாகத் திரும்புவது. ரேம்ப்பின் சரிவில் குறுக்கே திருப்புவது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்குவது. காலி வண்டி கவிழாது என்ற நம்பிக்கையும் தவறு. பின்னால் அத்தனை எடை இருப்பதால், காலியாக வேகமாகத் திரும்பும் வண்டி பக்கவாட்டில் எளிதாகச் சாயும்.

சரக்கின் எடையைப் போலவே அதன் நீளமும் முக்கியம். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் '2,500 கிலோ, 500 மி.மீ.' என்று இருந்தால், சரக்கின் நடுப்பகுதி ஃபோர்க்கின் அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும்போதுதான் அந்த இரண்டரை டன் என்று அர்த்தம். நீளமான பெட்டி வந்து அதன் நடுப்பகுதி 700 மி.மீ. தள்ளிப் போனால், அதே வண்டி ஏறக்குறைய 2 டன்னுக்கு மேல் தாங்காது. இரண்டரை டன் வண்டிதானே என்று தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்புகிறதே என்று பின்னால் இரண்டு ஹெல்பர்களை ஏற்றி நிற்க வைக்கும் வழக்கமும் இருக்கிறது. இதைவிட மோசமான வைத்தியம் வேறில்லை.

கவிழும்போது செய்ய வேண்டியது மனதின் இயல்புக்கு நேர் எதிரானது. குதிக்கத்தான் தோன்றும். குதித்தவர் விழும் இடத்திலேயே தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூடும் வந்து விழும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும்; ஸ்டீரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். நின்றபடி ஓட்டும் வண்டிகளுக்கு முறை வேறு. அதை அந்த வண்டிக்கான பயிற்சியில்தான் கற்க வேண்டும். ஒரு விநாடியில் நடக்கும் இந்தக் காரியத்தை முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டுமே உடம்பு செய்யும்.

இரண்டாவது: நடந்து போகிறவர்

மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது சைக்கிள் வேகம். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 2.8 மீட்டர் போகும். ஆளைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே இரண்டு ஆள் நீளம் போயிருக்கும். சரக்கோடு சட்டென்று பிரேக் அடித்தால் வண்டி நிற்கலாம், பேலட் நிற்காது. அது முன்னால் சரிந்து விழும்.

ரேக்குகளுக்கு நடுவே இருக்கும் சந்துமுனைதான் அதிக ஆபத்தான இடம். டிரைவருக்கு ஆள் தெரியாது. ஆளுக்கு வண்டி தெரியாது. பேட்டரி வண்டியாக இருந்தால் சத்தமும் பெரிதாக இருக்காது. ஆளின் காதில் இயர்போன் இருந்தால் கேட்கவே வேண்டாம். சரக்கு கண்ணை மறைக்கும் உயரத்தில் இருந்தால் ரிவர்ஸில்தான் ஓட்ட வேண்டும் என்பது பாலபாடம். கழுத்து வலிக்கிறது என்று பலர் அதைச் செய்வதில்லை. பெட்டிக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

இதற்குத் தீர்வு விலை உயர்ந்தது அல்ல. தரையில் மஞ்சள் கோடு போட்டு நடப்பவர் பாதையைப் பிரிப்பது, முனையில் குவியாடி வைப்பது, வண்டிக்கு முன்னும் பின்னும் தரையில் விழும் நீல விளக்கு மாட்டுவது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பழக்கம்: டிரைவரின் கண்ணைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகே வண்டியைக் கடப்பது.

லாரிக்கும் கோடவுனுக்கும் நடுவே

லாரியின் பின்பக்கத்தை கோடவுன் மேடையோடு ஒட்டி நிறுத்தி, நடுவே ஒரு இரும்புப் பலகையைப் போட்டு, ஃபோர்க்லிஃப்ட் நேராக லாரிக்குள் போய் வரும். வண்டி பாதி ஏறியிருக்கும்போது லாரி ஓரடி நகர்ந்தால் போதும், இடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட் விழுந்துவிடும். லாரி நகர்வதற்கு ஹேண்ட் பிரேக் மட்டும் காரணமல்ல. வண்டி உள்ளே மோதி மோதி ஏறுவதே லாரியை மெல்லத் தள்ளும். 'லோடு முடிஞ்சிருச்சு' என்று நினைத்து லாரி டிரைவர் கிளம்பிவிடுவதும் உண்டு.

சக்கரத்துக்கு முன் கட்டை வைப்பது ஒரு காப்பு. லோடு முடியும்வரை லாரியின் சாவியை கோடவுன் சூப்பர்வைசரிடம் கொடுத்து வைப்பது இன்னொரு காப்பு. காசே செலவில்லாத இந்தப் பழக்கத்தை பல இடங்களில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

மழைக்காலம் வந்தால் ரேம்ப் இன்னும் மோசம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் மிதந்ததை அங்கிருப்பவர்கள் மறக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய மழைகூட வேண்டாம். லாரியின் டயர் கொண்டு வரும் ஈரமும் சேறும் ரேம்ப்பில் படிந்தாலே 4 டன் வண்டி வழுக்கும். சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி ஏறி, இறங்கும்போது ரிவர்ஸில் இறங்குவது அதற்காகத்தான்.

ஃபோர்க்கின் மேல் நிற்கும் மனிதர்

மேல் ரேக்கில் ஒரு பெட்டி சிக்கிக்கொண்டது. டியூப் லைட் மாற்ற வேண்டும். ஏணி தேடிப் போக நேரமில்லை. ஒரு பேலட்டின் மேல் ஒருவரை நிற்க வைத்து மேலே தூக்கிவிடுகிறார்கள். பேலட்டில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. வண்டி சற்றே குலுங்கினாலும் கீழே கான்கிரீட் தரை. மூன்று நான்கு மீட்டர் உயரம் உயிரெடுக்கப் போதுமானது. ஆளைத் தூக்குவதற்கென்று கம்பித் தடுப்பு போட்ட கூண்டும், அதற்கான தனி இயந்திரங்களும் இருக்கின்றன. சரக்குக்குச் செய்த ஃபோர்க் மனிதருக்கானது அல்ல. ஒரே சீட் உள்ள வண்டியில் பக்கத்தில் தொற்றிக்கொண்டு கேன்டீன் வரை போவதும் இந்த வகைதான்.

சத்தமில்லாத காரணங்களும் உண்டு. பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அந்த அறையில் ஒரு பீடி போதும் வெடிக்க. மூடிய கோடவுனுக்குள் டீசல் வண்டி நாள் முழுக்க ஓடினால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலை தொடரும். பிரேக் இறங்கியிருக்கும், ஹாரன் அடிக்காது, ஹைட்ராலிக் ஆயில் கசியும். "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஷிஃப்ட் தொடங்கும்போது பத்து நிமிடம் ஒதுக்கி டயர், பிரேக், ஹாரன், செயின், ஃபோர்க்கில் விரிசல் எல்லாவற்றையும் பார்த்து எழுதி வைத்தால், இதில் பெரும்பகுதி அன்றன்றே தெரிந்துவிடும்.

சாவி

மேலே சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு காரணம் இருக்கிறது. ஆபரேட்டர் டீ குடிக்கப் போகிறார், சாவி வண்டியிலேயே இருக்கிறது. கேட்டில் லாரி காத்திருக்கிறது. சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார். ஹெல்பர் ஏறி உட்காருகிறார். நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது நாள் அவரே ஆபரேட்டர்.

அமெரிக்காவில் 1998-ல் கொண்டுவந்த விதிப்படி, முதலாளி பயிற்சி கொடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்லிச் சோதித்த பிறகே ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி சோதிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் தொடவே கூடாது. இங்கேயும் பாதுகாப்புப் பயிற்சி பெறும் உரிமை தொழிலாளருக்கு உண்டு. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல், போபால் பேரழிவுக்குப் பிறகு சேர்த்த பிரிவு அதைச் சொன்னது. நல்ல நிறுவனங்கள் பயிற்சி முடித்தவருக்குப் போட்டோ ஒட்டிய அனுமதி அட்டை கொடுக்கின்றன. அட்டை இல்லாதவருக்குச் சாவி கிடையாது.

பயிற்சி எந்த மொழியில் என்பதும் ஒரு கேள்வி. ஒடியாவும் இந்தியும் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய போர்டு வெறும் சுவர் அலங்காரம்.

'கவனக்குறைவு' என்ற சொல்

விபத்து நடந்ததும் முதலில் எழுதப்படும் சொல் 'டிரைவரின் கவனக்குறைவு'. அடுத்து, 'அனுமதி இல்லாமல் வண்டியை எடுத்தார்'. இந்த இரண்டு வரியைக் காட்டி, "உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் நம்பிவிடக் கூடாது.

தொழிலாளியின் கவனக்குறைவைக் காரணம் காட்டி இ.எஸ்.ஐ. பலனை மறுக்க முடியாது. உத்தரவை மீறியோ, உத்தரவு இல்லாமலோ ஒரு வேலையைச் செய்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்ததாக இருந்தால் பணியில் நேர்ந்த விபத்தாகவே கருத வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் வகுத்தது. காத்திருந்த லாரியில் லோடு ஏற்றத்தான் ஹெல்பர் வண்டியை எடுத்தார் என்றால், அது யாருடைய வேலை?

2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். வேலையில் நேரும் காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். உயிரிழப்பு என்றால் அதே விகிதத்தில் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், கான்ட்ராக்டர் பணம் கட்டவில்லை என்றால், முதன்மை நிறுவனம்தான் பொறுப்பு. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் தொழிலாளியின் தவறைக் காட்டி இழப்பீட்டை மறுக்க அதிலும் இடமில்லை.

தொழிற்சாலையில் உயிரிழப்போ, 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயமோ நேர்ந்தால், நிர்வாகம் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பழைய சட்டங்களின் இடத்துக்கு 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்பிலும் இந்தக் கடமை இருக்கிறது. 'ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கிறோம், எழுத வேண்டாம்' என்ற சமாதானத்துக்குத் தலையாட்டினால், பின்னால் கை மடங்காமல் போகும்போது கேட்க ஒரு காகிதமும் இருக்காது. நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் பெயரும் தேதியும் ஏற வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் 'வேலை இடத்தில் ஏற்பட்ட காயம்' என்று எழுதியிருக்க வேண்டும். 'பைக்கில் விழுந்தார்' என்று இருக்கக் கூடாது.

வீட்டில் கேட்க வேண்டியவை

ஃபோர்க்லிஃப்டை வீட்டில் இருப்பவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த முறை மகனோ தம்பியோ கணவரோ சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போது, அல்லது ஊரிலிருந்து போனில் பேசும்போது, சில கேள்விகள் போதும்.

வண்டி ஓட்டப் பயிற்சி கொடுத்தார்களா, அட்டை இருக்கிறதா? சீட் பெல்ட் இருக்கிறதா, போடுகிறாயா? நடப்பதற்குத் தனிப் பாதை இருக்கிறதா? பிரேக் சரியில்லை என்றால் யாரிடம் சொல்வாய், சொன்னால் வண்டியை நிறுத்துவார்களா? டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு தூக்கக் கலக்கத்தில் ஓட்டச் சொல்கிறார்களா? இ.எஸ்.ஐ. நம்பர் வந்துவிட்டதா, குடும்பத்தார் பெயரை அதில் சேர்த்தாயிற்றா?

கடைசிக் கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால், ஆதாரை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்குப் பதில் 'இல்லை' என்றால், அந்த வண்டியில் ஏறாமல் ஹெல்பராகவே இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லுங்கள். சம்பளம் சில ஆயிரம் குறையும். குறைந்தால் பரவாயில்லை என்று வீடு சொன்னால்தான், சூப்பர்வைசர் அவசரப்படுத்தும்போது அந்தப் பிள்ளையால் "எனக்குப் பயிற்சி இல்லை சார்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க முடியும்.